எங்கள் தெருவின் கார்டு

எங்கள் தெருவில் ஓடுகிற, சுற்றுகிற, குளிர்விக்கிற பொருட்களில் பாதிக்கு மேல் அருள்மேரி அக்காவின் பெயரில் பில் போட்டவை. கேசவன் வீட்டு டிவி, பால்காரர் வீட்டு ஃபிரிட்ஜ், மூலை வீட்டு கிரைண்டர், மாடி அறையில் என் தலைக்கு மேல் சுற்றும் ஃபேன். இதில் விசித்திரம் எதுவும் இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. தெருவுக்கு ஒரு கைப்பம்பு இருப்பதுபோல எங்களுக்கு ஒரு கார்டு இருந்தது.

அக்கா குரோம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துணிப் பிரிவு சூப்பர்வைசர். படுக்கை விரிப்புகளும் பச்சைத் துணிகளும் மூட்டை மூட்டையாக வந்து, வெந்து, உலர்ந்து, மடிந்து மாடிக்குப் போகும்வரை அவர் பொறுப்பு. ஒருமுறை ஆஸ்பத்திரி வாசலில் வங்கிக்காரர்கள் குடை விரித்து மேசை போட்டு ஊழியர்களிடம் கையெழுத்து வாங்கிப் போனார்கள். அப்படி வந்தது அந்தக் கிரெடிட் கார்டு. முடிச்சூரில் எங்கள் தெருவில் மற்றவர்களுக்கு ஆட்டோ, பெயிண்டிங், வீட்டில் தையல், காய்கறி வண்டி என்று பிழைப்பு. சம்பளச் சீட்டு என்று ஒரு காகிதத்தை நீட்ட முடிந்தவர் அக்கா ஒருவர்தான். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த என்னையும் எந்த வங்கியும் நம்பவில்லை.

காலப்போக்கில் இதற்கு ஒரு முறை உண்டாகியிருந்தது. பொருள் வாங்க வேண்டியவர் காலையில் அக்கா வேலைக்குக் கிளம்பும் முன் வந்து சொல்ல வேண்டும். கடைக்குப் போகிறவர் கார்டை வாங்கிக்கொண்டு போவார். போனிலேயே ஆர்டர் போடுகிறவருக்கு அக்கா கார்டின் இரண்டு பக்கங்களையும் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பிவிடுவார். கார்டின் பின் நம்பர் அவர் மகள் எழில் பிறந்த வருஷம். அது தெருவில் பாதிப் பேருக்கு மனப்பாடம். தவணைக்குப் பதியும் நேரத்தில் அக்காவின் போனுக்கு ஆறு எண்கள் வரும். கடையிலிருந்து யாராவது கூப்பிட்டு, “அக்கா, நம்பர் வந்துச்சா?” என்பார்கள். அக்கா வாசிப்பார். மாதம் பிறந்தால் அவரவர் தவணையை அவரவர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். ஒருவரும் ஏமாற்றியதில்லை.

அக்காவுக்கென்று ஒரு ஆசை இருந்தது. இரண்டாவது மாடியில் ஒரு வீடு. பெரிய வெள்ளம் வந்த வருஷம் அவர்கள் கீழ் வீட்டில் இருந்தார்கள், இப்போதும் கீழ் வீடுதான். மழை பிடிக்கிற மாதம் வந்தால் ஃபிரிட்ஜைத் தூக்கிச் செங்கல்மேல் வைப்பார்கள். பிறகு பீரோவின் கடைசித் தட்டு காலியாகும். எழிலின் சான்றிதழ்கள் பிளாஸ்டிக் உறைக்குள் போய்ப் பரண் ஏறும்.

“தண்ணி வந்து எட்டிப் பாக்காத ஒசரத்துல ஒரு சுவரு இருந்தாப் போதும் தம்பி” என்பார் என்னிடம்.

இரண்டு தெரு தள்ளி ஒரு அடுக்ககம் எழும்பிக்கொண்டிருந்தது. அதில் இரண்டாம் மாடியில், ஒரே படுக்கையறை உள்ள வீட்டுக்கு அக்கா முன்பதிவு செய்திருந்தார். கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கை வைப்பில் போட்டு வைத்திருந்தார். மிச்சத்துக்கு வீட்டுக் கடன் கேட்டு எழுதியாயிற்று. கடன் நிறுவனத்துக்காரர் சொன்னது ஒன்றுதான்: “உங்க சிபில் ஸ்கோர் சூப்பரா இருக்கு மேடம். சாங்ஷன் ஆகுற வரைக்கும் அத அப்படியே வெச்சுக்குங்க. கார்டுல ஒரு ரூபா பாக்கி நின்னாலும் ஃபைல் நிக்கும்.”

அந்தச் சனிக்கிழமை காலை கார்டு கேட்டு வந்தவர் ஜஹீரா. இரண்டு வீடு தள்ளி இருப்பவர். ரவிக்கைகளுக்கு ஆரி எம்பிராய்டரி வேலை செய்கிறவர். அவர் மகள் ரூக்சாருக்குச் சேலையூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. லாப்டாப் வேண்டும்.

“அக்கா, இன்னிக்குப் போலாம்னு இருக்கோம். மேற்கு தாம்பரத்துலதான் கடை. ஆஃபர் இன்னியோட முடியுதாம்.”

“எடுத்துக்கினு போடி. நம்பர் வந்தா சொல்றேன். மிஷின் சத்தத்துல கேக்காது, ரெண்டு தடவ அடி.”

வாசலில் ஷேர் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்த அக்காவின் கணவர் அன்பு நிமிர்ந்தார். “ரிசர்வ் பேங்க் தொறந்துடுச்சுப்பா! கவர்னர் மேடம், ஏழைக்கு ஒரு டயர் வாங்கிக் குடேன்.”

“மொதல்ல போன டயருக்கு தவணையக் கட்டு. தெருவுலயே பாக்கி வெச்சிருக்கறது நீ ஒருத்தன்தான்” என்றார் அக்கா. ஜஹீரா சிரித்துக்கொண்டே கார்டைப் பர்ஸுக்குள் வைத்தார்.

மதியத்துக்குச் சற்று முன் துணிப் பிரிவில் அக்காவின் போன் அடித்தது. பெரிய சலவை இயந்திரம் சுழன்றுகொண்டிருந்தது. அக்கா ஒரு காதைப் பொத்திக்கொண்டார்.

“அக்கா, கடைலருந்து பேசறேன். ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க.”

“ஜஹீரா லாப்டாப்பா?”

“ஆமாங்க்கா, லாப்டாப்தான். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க, கஸ்டமர் வெயிட் பண்றாங்க.”

ஆங்கிலத்தில் நான்கு வரிச் செய்தி வந்திருந்தது. அக்காவின் கண்கள் வழக்கப்படி அதில் எண்கள் இருந்த இடத்துக்குத் தாவின. எழுத்துகளைத் தாண்டி எண்களை மட்டும் பொறுக்குவதற்கு அவை பழகியிருந்தன. இரண்டிரண்டாகப் பிரித்து வாசித்தார். “தேங்க்ஸ்க்கா” என்றது குரல். இந்தப் பக்கத்துப் பையனின் குரல் மாதிரிதான் இருந்தது என்று அக்கா பிறகு பலமுறை சொன்னார்.

ஒரு மூட்டை துணி மடிப்பதற்குள் மறுபடி போன். ஜஹீரா.

“அக்கா, இப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்கறோம். ரோடு முழுக்க ஜாம். நம்பர் வரும், எடுங்க, என்ன?”

அக்காவின் கையிலிருந்த விரிப்பு பாதி மடிந்தபடியே நின்றது. பிறகு எனக்குக் கூப்பிட்டார். செய்தியை அனுப்பி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

அது பணம் எடுப்பதற்கான எண் இல்லை. அக்காவின் கார்டை வங்கியின் ஆப்பில் வேறொரு போனில் பதிவு செய்வதற்கான எண். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கடைசி வரி சொன்னது. பதிவு செய்தவன் கார்டின் செலவு வரம்பை மாற்றலாம், வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடலாம். திறந்துவிட்டால் வெளிநாட்டு இணையதளங்களில் வாங்க அதன்பின் எந்த எண்ணும் தேவைப்படாது.

“அக்கா, உடனே கார்ட பிளாக் பண்ணுங்க.”

“பணம் ஏதும் போகலியே தம்பி?”

“இன்னும் போகல. இப்பவே பண்ணுங்க.”

“ஒரு அரைமணி நேரம் பொறு. கார்டு ஜஹீரா கையில கீது. புள்ள கடைல நிக்குது.”

“அக்கா...”

“போன தடவ நடந்தது உனக்குத் தெரியாது தம்பி. தவணைக்குப் போன ஜஹீராவ, அட்ரஸையும் பேரையும் பாத்துட்டு, இந்த ஏரியாவுக்குக் குடுக்கறதில்லன்னு ஆதார மூஞ்சிக்கு நேரா திருப்பிக் குடுத்தானுங்க. பஸ்ஸுல அழுதுகினே வந்தா. இன்னிக்கு அந்தப் பொண்ணு முன்னாடி, இந்த கார்டு செல்லாதுன்னு சொல்லட்டுமா? அது முடிஞ்சதும் பண்ணிக்கறேன்.”

நான் மறுபடி சொன்னேன். “நீ வை, நான் பாத்துக்கறேன்” என்று அவர் துண்டித்தார்.

கடையில் நெட்வொர்க் இல்லை. அது வந்தபோது பில் போடுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். ஒருவழியாக ஜஹீரா கூப்பிட, அக்கா புதிதாக வந்த ஆறு எண்களைச் சொன்னார். லாப்டாப் பெட்டி கவுன்டரைத் தாண்டியது. “ஆச்சுக்கா, ஆச்சு!” என்று ஜஹீரா கத்தியது போனை விட்டு வெளியே கேட்டதாம். அக்கா மூச்சு விட்டார். அடுத்த மூச்சுக்குள் போன் அதிர்ந்தது. ஒரு செய்தி. இன்னொன்று. இன்னும் இரண்டு. இந்தமுறை அவர் எண்களைத்தான் பார்த்தார். எண்களுக்கு முன்னால் ரூபாய் இல்லை, டாலர் குறி நின்றது.

வங்கிக்குப் போன் போட்டால் ஒரு பெண் குரல் எந்த மொழி என்று கேட்டது. தமிழுக்கு அழுத்தினார். கார்டின் கடைசி நான்கு எண்களைக் கேட்டது. எத்தனையோ பேருக்குப் படம் பிடித்து அனுப்பிய கார்டு, ஆனால் அக்காவுக்கு அந்த நான்கு எண்கள் தெரியாது. ஜஹீராவின் போன் பிஸி. மகளுக்கு லாப்டாப் வாங்கிய சேதியை அவர் யார் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா எனக்குக் கூப்பிட்டார். ஃபேன் வாங்கியபோது அவர் அனுப்பிய படம் என் போனில் இன்னும் இருந்தது. நான் பார்த்துச் சொன்னேன். கார்டு முடக்கப்பட்டது. அதற்குள் அதில் மிச்சமிருந்த வரம்பு முழுவதும் காலியாகியிருந்தது.

சாயங்காலம் ஜஹீரா ஒரு டப்பா மைசூர்பாகோடு வந்தார். பின்னால் ரூக்சார், குழந்தையைத் தூக்குவதுபோல் பெட்டியை அணைத்துக்கொண்டு.

“ஆன்ட்டி, மொதல்ல உங்ககிட்டதான் காட்டணும்னு பிரிக்காம வெச்சிருக்கேன்.”

அக்கா ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். “நல்லா படிடி” என்றார். கார்டை வாங்கி, ஏசு படத்துக்குப் பின்னால் வழக்கமாக வைக்கும் இடத்தில் வைத்தார். அவர்கள் போனபிறகும் அந்த மைசூர்பாகு அவர் வாயிலேயே இருந்ததை நான் பார்த்தேன்.

அன்றே இணையக் குற்றங்களுக்கான 1930-க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்தோம். மறுநாள் பூசை முடிந்து வந்ததும் அக்கா சர்ச் புடவையோடு தெருவில் இறங்கி வீடு வீடாகப் போனார். “அந்தப் படத்த அழிங்க” என்பார். அழிப்பதை நின்று பார்ப்பார். அடுத்த வீடு. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேசவன் மட்டும் தலையைச் சொறிந்தார். அவர் பெயிண்டிங் கான்ட்ராக்டர், எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவர்.

“அந்தப் போன எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டனேக்கா. படமெல்லாம் அதோட போயிருக்கும்.”

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் போன் வழியாகத்தான் போயிற்றா, வேறு எந்தப் போனிலிருந்தா, இன்றுவரை யாருக்கும் தெரியாது.

“வுடுக்கா. நா ஒரு ஐடியா சொல்றேன்” என்றார் கேசவன். “நம்பரு சொல்லவே இல்லன்னு சாதிச்சுடு. கார்டு தொலஞ்சி போச்சு, எவனோ எடுத்துக்கினான், லாப்டாப்பும் அவன்தான் வாங்கினான்னு மொத்தமா எழுதிக் குடு. எல்லாம் ஒரே திருட்டு. மேட்டர் ஓவர்.”

“கடைல கேமரா இருக்குமே கேசவா.”

“இருந்தா இன்னா?”

“அதுல யாரு தெரிவா? ஜஹீரா தெரிவா. அந்தப் பொண்ணு தெரியும். போலீஸு அவங்க வாசல்ல வந்து நிக்கும். அப்ப நீ போய் சொல்லுவியா, நாங்க சும்மாத்தான் எழுதினோம்னு?”

கேசவன் வீட்டுக்குள் டிவி ஓடிக்கொண்டிருந்தது, அக்காவின் கார்டில் வாங்கியது.

திங்கட்கிழமை அக்காவோடு தாம்பரத்தில் இருக்கும் வங்கிக் கிளைக்குப் போனேன். எங்களுக்கு எதிரே உட்கார்ந்த அதிகாரியின் பெயர் சத்யபிரியா. என் வயதுதான் இருக்கும். கடுமையாகப் பேசியிருந்தால் எங்களுக்குக் கோபப்பட ஒரு வழியாவது இருந்திருக்கும். அவர் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார்.

“ஓடிபி நீங்களே சொன்னீங்களா மேடம்?”

அக்கா கைப்பையின் வாரை விரலில் சுற்றினார், பிரித்தார். “சொன்னேம்மா. கடைலருந்துன்னு நெனச்சேன்.”

“அது ராங்கான கால்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?”

“உடனே தெரிஞ்சுடுச்சு.”

சத்யபிரியா திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். “அப்புறம் நடுவுல ஒரு லாப்டாப் பர்ச்சேஸ் இருக்கே. அதுவும் ஃப்ராடா?”

இந்த இடத்தில்தான் எல்லாம் நின்றது. ஒரே ஒரு ‘ஆமாம்’ சொன்னால், தெரிந்த பிறகும் லாப்டாப்புக்காகக் காத்திருந்தது மறைந்துவிடும்.

“இல்ல. அது நான் வாங்கினது” என்றார்.

“மேடம், ரூல் என்னன்னா...” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நம்பர நீங்களே சொல்லிட்டா, எங்களுக்குத் தகவல் குடுக்கற நிமிஷம் வரைக்கும் போறது உங்க பொறுப்பு. தகவல் குடுத்ததுக்கு அப்புறம் போற ஒவ்வொரு ரூபாயும் எங்க பொறுப்பு. அந்தக் கால் வந்த உடனே ஒரு போன் அடிச்சிருந்தீங்கன்னா...”

“ஒண்ணும் போயிருக்காதா?”

“போயிருக்காது மேடம். டாலர்ல போனது எல்லாமே லாப்டாப்புக்கு அப்புறம்தான்.”

நான்கில் கடைசி ஒன்றை மட்டும் தடுத்து நிறுத்த முடிந்தது என்றார். அது திரும்பி வரும். மற்ற மூன்றுக்கும் ஆட்சேப மனுவை எழுதி வாங்கிக்கொண்டார். மேலே அனுப்புவதாகவும், அதிகமாக நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றும் சொன்னார். கார்டை மற்றவர்களுக்குக் கொடுப்பதே விதிக்கு எதிரானது என்று சொல்லும்போது அவர் குரல் இன்னும் தாழ்ந்திருந்தது.

வெளியே வந்து ரயில்வே நடைமேம்பாலத்தின் படியருகில் நின்றோம். ஜனம் எங்களை இரண்டாகப் பிளந்துகொண்டு ஏறியது. அக்கா போனை எடுத்து, கடையிலிருந்து என்று ஏமாற்றியவனின் எண்ணுக்கு அடித்தார். சனிக்கிழமையிலிருந்து அடித்துக்கொண்டுதான் இருந்தார். எப்போதும் அணைத்து வைத்திருப்பதாகவே வரும். அன்று மணி போயிற்று. யாரோ எடுத்தார்கள்.

“தம்பி” என்றார் அக்கா. எதிர்ப்பக்கம் மூச்சு மட்டும் கேட்டிருக்க வேண்டும். “தம்பி, வச்சுடாதப்பா. அது வூட்டுக்குன்னு இருந்தது. எனக்கு லோனு நின்னுடும்பா. மொத்தமும் வாணாம். பாதியாவது போடு. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அக்கான்னு கூப்ட்டியே கண்ணு...”

அவர் பேசிக்கொண்டே போனார். இணைப்பு எப்போதோ அறுந்திருந்தது. திரை அணைந்து கறுத்திருந்ததை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. ஒரு ரயில் வந்து நின்று போனபின்தான் காதிலிருந்து எடுத்தார். முகத்தைப் புடவையால் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“அரைமணி நேரம் தாமசம் ஆனத ஜஹீராகிட்ட சொல்லாத தம்பி.”

நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர்.

மனு நிராகரிக்கப்பட்டதாகச் செய்தி வந்த மத்தியானம், அன்பு ஆட்டோவை நிறுத்திவிட்டு வாசலிலேயே ஆரம்பித்தார். அதுவரை அடக்கி வைத்திருந்தவர்.

“ஊருக்கெல்லாம் கார்டு குடுத்த மகராணிடி நீ! அவ பொண்ணுக்கு லாப்டாப்பு, என் பொண்ணுக்கு செங்கல்லு! அந்தத் தம்பி அப்பவே பிளாக் பண்ணுன்னு சொல்லிச்சா இல்லியா? அவ பில்லு போடுற வரைக்கும் குந்திகினு இருந்தியாமே!”

“மெதுவாப் பேசு.”

“இன்னாத்துக்கு மெதுவா? பேஜாரு பண்ணிட்டு மெதுவாப் பேசுன்றா!” என்றவர் அப்படியே ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். அழுகிறாரா என்று தெரியவில்லை. ரெக்ஸின் இருக்கை அசைந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஜஹீராவும் ரூக்சாரும் வந்தார்கள். ரூக்சார் கையில் பெட்டி. ஜஹீராவின் கண்கள் சிவந்திருந்தன.

“எங்களாலயாக்கா?”

“அவர் கெடக்கறார். நீ உள்ள வா.”

“அல்லா மேல ஆணையா சொல்லுங்க. எங்களுக்காகவா நின்னீங்க?”

அக்கா ஆணையிடவில்லை. ரூக்சார் பெட்டியைத் தரையில் வைத்தாள்.

“ஆன்ட்டி, கடைல கேட்டோம். ரிட்டன் எடுக்க மாட்டாங்களாம். வெளிய வித்துருங்க. புதுசுதான். ஸ்க்ரீன் மேல ஒட்டியிருக்கற கவரக்கூட எடுக்கல.”

“இத்தினி நாளாவா?”

“பத்திரமா இருக்கட்டும்னு...”

அக்கா கீழே உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்தார், லாப்டாப்பை வெளியே எடுத்து விரித்தார். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, அந்த மெல்லிய படலத்தைச் சர்ரென்று உரித்தார். கையில் சுருட்டிப் பந்தாக்கினார். பிறகு விசைகளின்மேல் உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்தினார். ஆஸ்பத்திரியின் நீலச் சோப்பில் ஊறி வெளுத்த கை.

“இப்ப இது பழசு. எவனும் வாங்க மாட்டான். எடுத்துக்கினு போய்ப் படி.”

ஜஹீரா சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தார். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வாசலில் அன்பு ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மேனுக்கு நானும் அக்காவும் சேர்ந்து எழுதினோம். பதில் வர மாதங்கள் ஆகலாம் என்றார்கள். கார்டுக்குப் பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி அதற்கெல்லாம் காத்திருக்காது. தெருவில் எல்லோரும் அந்த மாதத் தவணையை முன்கூட்டியே கொண்டுவந்தார்கள், சிலர் அடுத்த மாதத்துக்கும் சேர்த்து. போதவில்லை. கட்டாவிட்டால் பெயர் கெடும், பெயர் கெட்டால் வீட்டுக் கடன் இல்லை. அக்கா அந்தக் கணக்கைத் துணி மடிக்கும்போதும், பஸ்ஸிலும், சோறு வடிக்கும்போதும் போட்டுக்கொண்டே இருந்தார். எப்படிப் போட்டாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. வீட்டுக்கென்று வைத்திருந்த வைப்பை உடைத்து, எவனோ எந்த ஊரிலோ வாங்கியவற்றுக்குக் கடைசி நாளன்று கட்டினார்.

இரண்டு வாரம் கழித்து, நாங்கள் எல்லோரும் வாசலில் இருக்கும்போது போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பழக்கம் புதிது. தெரியாத எண் எதுவானாலும் இப்போதெல்லாம் தனியாகப் பேசுவதில்லை.

“மேடம், கங்கிராட்ஸ்! லோன் சாங்ஷன் ஆயிடுச்சு. சொன்னேன்ல, உங்க சிபில் சூப்பர்னு. உங்க பங்கக் கட்டிட்டா ரிஜிஸ்ட்ரேஷன் வெச்சுக்கலாம். எப்ப வரீங்க?”

அக்கா சிரித்தார். நான் அவரை அறிந்த இத்தனை காலத்தில் அப்படியொரு சிரிப்பைக் கேட்டதில்லை. சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கியது. எழில் போனை வாங்கி, “பிறகு கூப்பிடறோம் சார்” என்றாள்.

அதன்பின் அக்கா பணத்துக்கு அலைந்தது தனிக் கதை. ஆஸ்பத்திரியின் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டு எழுதினார். பல்லாவரத்தில் ஒரு அடகுக் கடையில் சங்கிலியை எடை போட்டுவிட்டு வந்தார். குன்றத்தூர்ப் பக்கம் இருக்கும் ஒரு தூரத்து உறவினர் வீட்டில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, காபி மட்டும் குடித்துத் திரும்பினார். கட்டடக்காரரிடம் போய் அவகாசம் கேட்டார். பார்க்கலாம் என்றார்களாம். ஒவ்வொரு முறையும் திரும்பும் வழியில் அந்த அடுக்ககத்தின் எதிரே நின்று, இரண்டாம் மாடியில் சாம்பல் நிறமாக இருக்கும் ஒரு ஜன்னல் ஓட்டையைப் பார்த்துவிட்டு வருவார்.

புதுக் கார்டு வந்தது. வேறு எண்கள். உறையைப் பிரித்ததும் அக்கா முதலில் செய்தது, பின்பக்கத்து மூன்று எண்களை எழிலை மனப்பாடம் செய்யச் சொல்லித் தானும் மனப்பாடம் செய்து, சேஃப்டி பின்னால் சுரண்டியதுதான். வெளிநாட்டுப் பயன்பாடு மூடப்பட்டது. வரம்பு பாதிக்கும் கீழே இறங்கியது. பின் நம்பர் இப்போது யாருடைய பிறந்த வருஷமும் இல்லை. வங்கியிலிருந்து என்ன செய்தி வந்தாலும் எண்களைத் தொடுவதற்கு முன் முதல் எழுத்திலிருந்து வாசித்தார். எழுத்துக் கூட்டி, சத்தமாக, புரியாத சொல்லில் நின்று என்னையோ எழிலையோ கேட்டு. எண்கள் நடுவில் வந்தாலும் கடைசி வரிவரை போய்த்தான் நிறுத்துவார்.

கேசவன் தயங்கித் தயங்கி வந்தார். “அக்கா, ஒரே ஒரு மிக்ஸி. அவ தெனம் உயிர எடுக்கறா.”

“ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வா, கடைக்குப் போலாம். கார்டு என் கையில இருக்கும், போனும் என் கையில இருக்கும். நீ மிக்ஸியத் தூக்கிக்கினு வா.”

“சரிக்கா.”

“படம் கிடம் கேட்ட, மிக்ஸில உன்னியப் போட்டு அரைச்சுடுவேன்.”

கேசவன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

ஐப்பசி பிறந்து முதல் மழை பெய்த அன்று, அக்கா எங்களையெல்லாம் கூப்பிட்டார். கேசவனும் நானும் ஃபிரிட்ஜை ஒரு பக்கம் தூக்கினோம், அன்புவும் எழிலும் மறுபக்கம். ஜஹீரா குனிந்து செங்கல்லை உள்ளே தள்ளினார். அக்கா பீரோவின் கடைசித் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். அப்போது அவர் போன் ஒருமுறை அதிர்ந்தது.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தார். ஆங்கிலச் செய்தி. கட்டடக்காரரின் அலுவலகத்திலிருந்து. ஃபிரிட்ஜை அந்தரத்தில் பிடித்தபடி நாங்கள் நின்றோம். அன்பு, “இன்னா, யாரு?” என்றார்.

அக்கா முதல் சொல்லிலிருந்து ஆரம்பித்தார். அன்புள்ள வாடிக்கையாளருக்கு என்பதைக் கூட்டி வாசித்தார். வீட்டின் எண்ணை வாசித்தார். இரண்டாம் மாடி என்பதை வாசித்தார். குறித்த காலத்துக்குள் பணம் கட்டாததால் என்ற இடத்தில் நின்றார். அடுத்த சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் என்னைப் பார்த்தார். ‘ரத்து’ என்றேன். தலையசைத்துவிட்டுத் தொடர்ந்தார். வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டது என்று இருந்த வரியைத் தாண்டி, முன்பதிவுப் பணம் பிடித்தம் போகத் திருப்பித் தரப்படும் என்ற வரியைத் தாண்டி, நன்றி என்பதையும் தாண்டி, கீழே சின்ன எழுத்தில் இருந்த அலுவலக முகவரிவரை, ஒரு எழுத்தையும் விடாமல் வாசித்தார்.

பிறகு போனைப் பரண்மேல், எழிலின் சான்றிதழ்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“எறக்குங்க” என்றார் எங்களைப் பார்த்து. “கை வலிக்கும்ல.”